முட்டை போடாத நூடுல்ஸ்

இரண்டு நிமிடத்தில் வேகிற எதையும் சாப்பாடு என்று நான் ஒப்புக்கொண்டதில்லை. சித்தூரில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். கடையிலிருந்து வரும் எந்தப் பாக்கெட்டையும் திருப்பி, பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானங்களைப் படித்து, இது குடலை என்ன செய்யும், இது ஈரலை என்ன செய்யும் என்று வீட்டில் இருப்பவர்களுக்கு விளக்குவது என் வழக்கம். கேட்பவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் யோசித்ததில்லை.

இப்போது திருப்பதியில் என் வீட்டுச் சமையலறையில் நானே நூடுல்ஸ் செய்கிறேன். பூண்டும் வெண்ணெயும் மிளகாயும் பாலாடையும் சேர்ந்த, காரமான, குழைவான நூடுல்ஸ். என் வயிற்றுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டேன். என் மருமகள் என் எதிரில் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட வேண்டும் என்பதற்காகக் கற்றுக்கொண்டேன். அவள் என் வீட்டில் சாப்பிடாமல் போகும்படி செய்தவன் நான்தான். எப்படிச் செய்தேன் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் மகனுக்கும் அவளுக்கும் ரேணிகுண்டாவை ஒட்டி இருக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை. செல்போன் பாகங்கள் செய்யும் இடம். அங்கேதான் பழகினார்கள். அவள் நகரி ஊர்ப் பெண். வீட்டில் பவர்லூம் ஓடும் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் குரல் கொஞ்சம் ஓங்கியிருக்கும். என் மனைவி இறந்து பல வருடங்கள் ஆன வீடு அது. நானும் மகனும் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துப் படித்துக்கொண்டு, தேவைக்கு மேல் பேசாமல் இருந்த வீடு. அவள் வந்ததும் முதலில் மாறியது அந்தச் சத்தம்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்து நான் சாய்வு நாற்காலிக்குப் போன பிறகு சமையலறையில் அவர்களுடைய இரண்டாவது சமையல் தொடங்கும். அவள் பூண்டைத் தட்டுவாள். அவன் ஒரு கிண்ணத்தில் முட்டையின் மஞ்சள் கருவை மட்டும் பிரித்து எடுத்து, அதில் மயோனைஸ், பாக்கெட்டோடு வந்த மசாலா, குண்டூர் மிளகாய்த்தூள், தட்டிய பூண்டு எல்லாவற்றையும் போட்டுக் குழைப்பான். நூடுல்ஸ் வெந்த கொதிநீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அதன் மேல் ஊற்றிக் கலக்கினால் எல்லாம் சேர்ந்து பாயசம் போலத் திக்காகும். பிறகு நூடுல்ஸை அதில் போட்டுப் புரட்டி, ஒரே தட்டில் இருவரும் எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் தரையில் உட்காருவார்கள்.

"நைனா, ஒரு வாய் துன்னு பாரேன்."

"அந்தக் குப்பையை நீயே தின்னு."

"குப்பை இல்ல நைனா, உன்னோட கெமிஸ்ட்ரிதான். எமல்ஷன், எண்ணெயும் தண்ணியும் பிரியாம ஒண்ணா சேர்றது. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த?"

"மாமாவுக்கு வேணான்னா உடேன்," என்பாள் அவள், வாயில் நூடுல்ஸோடு. "நமக்கு ஒரு வாய் கூட வரும்."

நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். சிரிப்பு வருவது தெரியக் கூடாது என்று. ஒவ்வொரு ஞாயிறும் அவன் கேட்டான். ஒரு முறைகூட நான் வாங்கிச் சாப்பிடவில்லை.

ஒரு மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் முறித்துப் போட்டது போல வலி, கண்ணுக்குப் பின்னால் வலி என்றான். அவள் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். நான் வேண்டாம் என்றேன். வைரஸ் காய்ச்சல் தானாக வந்து தானாகப் போகும், ஆஸ்பத்திரிக்குப் போனால் பயமுறுத்திப் படுக்க வைப்பார்கள் என்று சொன்னேன். தெருமுனையில் ஒரு பப்பாளி மரம் இருந்தது. அதன் இலையைப் பறித்து அரைத்து, சாறு பிழிந்து, காலையும் மாலையும் நானே அவனுக்குப் புகட்டினேன். அவள் மறுபடியும் கேட்டாள். "நாளைக்குப் பார்க்கலாம்," என்றேன். நாளைக்கு என்று இரண்டு முறை சொன்னேன். பிறகு அவன் பல் ஈறிலிருந்து ரத்தம் வந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு போனோம். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் முன்னாலேயே கூட்டி வந்திருக்கலாம் என்று தெலுங்கில் சொன்னார். நான் மொழி தெரியாதவனைப் போல நின்றேன்.

அவன் போய்விட்டான்.

காரியங்கள் முடிந்ததும் அவளை அழைத்துப் போக நகரியிலிருந்து அவள் அம்மா வந்திருந்தார். அவள் போகவில்லை. "மாமா தனியா இருக்காரும்மா," என்று கூடத்தில் சொன்னது அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. அதன் பிறகு அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம். காலை ஷிஃப்ட்டுக்குப் போகும் முன் எனக்கு டிபன் செய்து மூடி வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவோம். அவன் பெயரைச் சொல்ல மாட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போகாமல் கழித்த அந்த நாட்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பேசாமல் இருந்தது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஒரு நாள் பேசிவிடுவாள் என்று பயமாகவும் இருந்தது. தட்டில் சாதம் போட்டு என் பக்கம் தள்ளும்போதெல்லாம், இதோ கேட்கப் போகிறாள் என்று நினைப்பேன். அவள் ரசம் ஊற்றுவாள்.

சில மாதங்கள் கழித்து ஞாயிற்றுக்கிழமை நூடுல்ஸை அவள் மறுபடியும் தொடங்கினாள். தனக்கு மட்டும் ஒரு பாக்கெட். சமையலறையிலேயே நின்றபடி வாணலியிலிருந்து சாப்பிடுவாள். என்னைக் கேட்க மாட்டாள். அவள் சாப்பிடும் சத்தம் கூடத்துக்குக் கேட்கும். அந்த நேரத்தில் மட்டும் அவள் நன்றாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் தெருவில் தெலுங்கு வீடுகள் அதிகம். அவர்கள் கார்த்திகை மாதத்தில் எப்படிக் கட்டுப்பாடாக இருப்பார்களோ, அப்படி நாங்கள் புரட்டாசி இருப்போம். மாதம் பிறப்பதற்கு முதல் நாள் வீட்டைக் கழுவிவிட்டு, கவுச்சி சமைத்த பாத்திரங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பரண் மேல் ஏற்றிவிடுவோம். மாதம் முடியும் வரை மீன், கறி, முட்டை எதுவும் வாசற்படி தாண்டாது. சனிக்கிழமைகளில் மலையைப் பார்த்துத் தளிகை போட்டு, மாவிளக்கு ஏற்றி, கோவிந்தா சொன்ன பிறகுதான் சாப்பாடு. மகன் போன வருடத்தைத் துக்க வருடம் என்று எதுவும் செய்யாமல் விட்டோம். அடுத்து வந்த புரட்டாசியை நான் முன்பு எப்போதும் இல்லாத கடுமையோடு பிடித்துக்கொண்டேன். எதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு.

அந்த மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அவள் விடியும் முன் எழுந்து குளித்து, சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, வடை எல்லாம் செய்து வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்கு ஓடினாள். படைப்பதற்கு முன் வாயில் எதுவும் போடக் கூடாது என்பதால் சாப்பிடாமல் போனாள். கம்பெனி கேன்டீனில் முட்டை வேகும் இடத்தில் சாப்பிட மாட்டேன் என்று மாதம் பிறந்த அன்றே சொல்லியிருந்தாள். நான் மதியம் பூஜையை முடித்தேன். சாப்பிட்டேன். மிச்சத்தைத் தெருவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் கொடுத்தனுப்பினேன். எல்லோரும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவளுக்கு என்று ஒரு கிண்ணத்தில் எடுத்து வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு படுத்துத் தூங்கிவிட்டேன். பூண்டு வதங்கும் வாசனையில் விழிப்பு வந்தது. சமையலறைக்குப் போனேன். அவள் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அடுப்பின் முன் நின்றுகொண்டிருந்தாள். வாணலியில் மஞ்சளாக, கொழகொழவென்று குழம்பு. அதற்குள் நூடுல்ஸ்.

"என்னம்மா இது?"

"நூடுல்ஸ் மாமா. பசி. கால்லாம் நடுங்கிக்கினு கீது."

"மஞ்சளா இருக்கே. முட்டையா?"

"ஐயோ, இல்ல மாமா. முட்ட போடுவனா? பாலாட, சீஸு, அப்புறம் மயோனைஸு."

"மயோனைஸ்ங்கிறதே முட்டையும் எண்ணெயும்தானே?"

"இது முட்ட இல்லாதது மாமா. பாக்கெட்டுல போட்டுக்கீது, பாருங்க."

வாழ்நாள் முழுக்கப் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படித்தவன் நான். அன்று திருப்பவில்லை. மயோனைஸ் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் முட்டைக் கரு எப்படிப் பிடித்து வைக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு எத்தனையோ வருடம் நடத்தியிருக்கிறேன். எனக்கா சொல்லித் தருகிறாள் என்று கோபம் வந்தது.

"சனிக்கிழமையும் அதுவுமா, பொய் வேறயா?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"இந்த வீட்ல சுத்தம் இல்லாமப் போச்சு. அதனாலதான் என் பையன் போனான்."

இதை நான் கத்திச் சொல்லவில்லை. வகுப்பில் ஒரு சூத்திரத்தைச் சொல்வது போல நிதானமாகச் சொன்னேன். அறிவியல் படித்தவன், தோஷத்தால் நோய் வரும் என்பதை நம்பாதவன் என்று பெயர் எடுத்தவன், அவள் சமைத்த முட்டையால் என் மகன் செத்தான் என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்று எனக்குத் தெரியும். அது முட்டையால் இல்லை என்றால் பப்பாளி இலையால். வேறு யாராவது ஒருவர் காரணமாக இருக்க வேண்டியிருந்தது எனக்கு. எதிரில் அவள் நின்றாள்.

அவள் அடுப்பை அணைத்தாள். வாணலியைத் தூக்கிக் குப்பைக் கவரில் கவிழ்த்தாள். நூடுல்ஸ் மொத்தமாக ஒரு சத்தத்தோடு விழுந்தது. புளி போட்டு வாணலியைத் தேய்த்தாள். மேடையைத் துடைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டாள்:

"மஞ்சத் தண்ணி தெளிக்கணுமா மாமா?"

குரலில் கோபமோ கேலியோ இல்லை. நான், "தெளி," என்றேன்.

தெளித்தாள். அதன் பிறகு குளித்துவிட்டு அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று அவள் என்ன சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. எதுவும் சாப்பிடவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை காபிக்குப் பால் எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தேன். கதவுத் தட்டில் மயோனைஸ் பாக்கெட் ஒரு கிளிப் போட்டு நின்றிருந்தது. எடுத்துத் திருப்பினேன். சைவம் என்பதற்கான பச்சைப் புள்ளி. அதன் கீழே, முட்டை இல்லாதது என்று. சேர்மானங்களையும் படித்தேன். எண்ணெய், தண்ணீர், பால்பொடி, சர்க்கரை, வினிகர், கடுகு. முட்டையின் வேலையை வேறு ஏதோ செய்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில், நாள்தோறும் பாலிலிருந்து எடுத்துச் சேர்த்த ஆடை. பாத்திரம் கவிழ்த்த கூடையில் அந்த வாணலி இருந்தது. புதியது. அடியில் கடை ஸ்டிக்கரின் பசை இன்னும் போகவில்லை. பழைய வாணலி பரணில், மூட்டைக்குள் இருந்தது. அந்த ஒரு மாதத்துக்காக அவள் புதிதாக வாங்கியிருக்கிறாள்.

அவள் அறையிலிருந்து வெளியே வந்தபோது பாக்கெட் என் கையில் இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் அதைப் பழைய இடத்தில் வைத்துக் கதவைச் சாத்தினேன். முட்டை இல்லை என்று ஒப்புக்கொள்வது எளிது. அதை ஒப்புக்கொண்டால் அடுத்த வாக்கியத்தையும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதை எடுத்துக்கொண்டால் அவன் எதனால் போனான் என்று நான் என் வாயால் சொல்ல வேண்டும். நான் காபி போட்டேன். அவளுக்கும் ஒரு டம்ளர் வைத்தேன். "வேணா மாமா," என்றாள்.

அன்றிலிருந்து அவள் அந்த வீட்டில் சாப்பிடவில்லை. எனக்குச் சமைத்தாள், ஒரு வேளை தவறவில்லை. பரிமாறினாள். "நீ சாப்பிடலையாம்மா?" என்றால், "கம்பெனிலயே துன்னுட்டேன் மாமா," என்பாள். விடுமுறை நாளில் கேட்டால், "அப்பால துன்றேன்," என்பாள். தண்ணீர் மட்டும் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சண்டை இல்லை, முகம் தூக்குவது இல்லை. தீபாவளிக்கு முன் ஒரு நாள் பையோடு வந்து நின்றாள். சித்தூரில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன், அங்கே மாம்பழக்கூழ் ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் வேலை இருக்கிறதாம் என்றாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். நான், "சரிம்மா," என்றேன். எனக்கு அதுதான் வந்தது.

அதன் பிறகுதான் நூடுல்ஸ். ஒரு மதியம் பசித்தது, கடைக்குப் போனேன், பாக்கெட் கண்ணில் பட்டது, வாங்கினேன் என்றுதான் முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. அவள் வாங்கிய அதே மயோனைஸையும் தேடி வாங்கினேன்.

முதல் முறை பால் திரிந்துவிட்டது. அதில் தக்காளி சாஸைப் போட்டுக் கொதிக்கவிட்டால் பால் திரியும் என்று எட்டாம் வகுப்புப் பையனுக்குத் தெரியும். நான் கொதிக்கவிட்டேன். இரண்டாவது முறை மயோனைஸை வாணலியிலேயே போட்டு அடுப்பை எரியவிட்டேன். எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதந்தது. செல்போனில் வீடியோக்கள் பார்த்தேன். புரியாத மொழிகளில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே செய்து காட்டினார்கள். மெதுவாக வந்தது. வெண்ணெயில் பூண்டைக் கருகாமல் வதக்கி, மசாலாவையும் மிளகாய்த்தூளையும் தண்ணீரில் போடாமல் அந்த வெண்ணெயில் போட வேண்டும். அப்போதுதான் காரம் எல்லா இடத்திலும் போய்ச் சேரும். பாலையும் தண்ணீரையும் சரிபாதி ஊற்றி, நூடுல்ஸ் முக்கால் வேக்காடு வெந்ததும் சீஸைப் போட்டு அடுப்பை அணைத்துவிட வேண்டும். ஆடையும் மயோனைஸும் அணைத்த பிறகுதான். சூடு போதும், நெருப்பு ஆகாது.

சரியாக வந்த அன்று சமையலறையிலேயே நின்று வாணலியிலிருந்து ஒரு வாய் எடுத்தேன். அதற்கு முன் அந்தப் பண்டத்தை நான் ருசித்ததே இல்லை. விக்கல் வந்தது. கண்ணில் நீர் வந்தது, காரத்தால்தான். நன்றாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. வாராவாரம் அவன் தட்டை நீட்டிக் கேட்டது, இவ்வளவு நன்றாக இருந்த ஒன்றுக்காக. மிச்சத்தை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அவளுக்குப் போன் செய்தேன்.

"ஞாயித்துக்கிழமை சித்தூர் வரலாமாம்மா?"

"இன்னா மாமா கேள்வி? வாங்க."

"சாப்பிட ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வரேன்."

"உங்களுக்கு எதுக்கு மாமா செரமம்?" என்றாள்.

எங்கள் வீட்டில் பயணம் என்றால் கட்டுச்சோறு. புளிசாதமோ தயிர்சாதமோ டிபன் கேரியரில் போட்டு, துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போவோம். எத்தனை மணி நேரம் ஆனாலும் ருசி கூடுமே தவிரக் குறையாது. அந்தப் பழக்கத்தில் நூடுல்ஸையும் காலையிலேயே சுடச்சுடச் செய்து கேரியரில் அடைத்தேன். சித்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சந்திரகிரி தாண்டியதும் கண்டக்டர் என் மடியைப் பார்த்து மூக்கை உறிஞ்சினார்.

"ஏமி பெத்தாயனா, வாசன சம்புத்துந்தி!" என்றார். பெரியவரே, வாசனை ஆளைக் கொல்லுது என்கிறார். "கொத்த கோடலிகா?"

புது மருமகளுக்கா என்று கேட்டது. "மருமகளுக்குத்தான்," என்றேன். பூதலப்பட்டு வரும் வரை கேரியர் சூடாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் போனேன்.

அக்கா வீடு சின்ன மாடி வீடு. அவள் வாசலுக்கே வந்து கேரியரை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அவள் அக்கா மூடியைத் திறந்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். நூடுல்ஸ் பாலையெல்லாம் உறிஞ்சி ஊதி, கேரியரின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக இறுகி நின்றது. அக்கா கேரியரைத் தட்டின் மேல் கவிழ்த்தாள். அது அப்படியே வட்டமாக வந்து உட்கார்ந்தது.

"இன்னா மாமா, கேக்கா?" என்றாள் அக்கா. "கத்தி எடுத்துக்கினு வரவா? மெழுகுவத்தி வெக்கவா?"

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நானும் சிரித்தேன். "நூடுல்ஸ்மா," என்றேன். "நீங்க செய்வீங்களே, அது. முட்டை போடாதது."

சிரிப்பு நின்றது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "மாடியில துணி காயுது, எடுத்துக்கினு வரேன்," என்று எழுந்து போனாள்.

அவள் கட்டியை வாணலியில் போட்டாள். பாலைக் காய்ச்சி, சிறிது சிறிதாக ஊற்றி, கரண்டி முனையால் பிரிக்கத் தொடங்கினாள். உடையாமல் பிரிப்பதற்கு நேரம் ஆனது. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"அன்னிக்கு நீ சொன்னது நிஜம்மா. மறுநாளே பாக்கெட்டைப் பார்த்துட்டேன்."

"ம்."

"பார்த்தும் சொல்லல."

"நீங்க பார்த்தது எனக்குத் தெரியும் மாமா. கையில வெச்சிக்கினு நின்னீங்களே."

கரண்டி நிற்கவில்லை. நான் மேலே சொன்னேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்தது எதுவும் வரிசையாக வரவில்லை. "அவன் போனது உன்னால இல்லம்மா. சுத்தத்தால இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்னு நிறுத்தினது நான். நீ கேட்டுக்கிட்டே இருந்தே. நான்தான் நாளைக்கு, நாளைக்குன்னு சொன்னேன்."

"தெரியும் மாமா," என்றாள். "நான் அங்கதான இருந்தேன்."

அடுப்பைக் குறைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அது உங்களுக்கு இன்னா பாரம்னு எனக்குத் தெரியும். அதான் ஒரு நாளும் வாயத் தொறந்து கேக்கல. எங்கம்மா கேக்கச் சொன்னாங்க. அக்கா கேக்கச் சொன்னா. நான் கேக்கல. பெத்தவரு, தெரிஞ்சா செஞ்சாருன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் உங்கள சொல்லல மாமா. நீங்க என்னைச் சொல்லிட்டீங்க."

மன்னித்துவிடு என்று சொன்னேன். அந்த வார்த்தை அந்தச் சமையலறையில் மிகவும் சின்னதாகக் கேட்டது. அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, போதும் என்றா, எனக்குத் தெரியவில்லை.

நூடுல்ஸ் பிரிந்து வந்திருந்தது. பழைய குழைவு இல்லாவிட்டாலும் சாப்பிடும்படி ஆகியிருந்தது. கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து உள்ளங்கையில் விட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாள். "உப்பு சரியாக்கீது. காரம் அவரு போடறத விட ஜாஸ்தி," என்றாள். மூன்று தட்டுகளை எடுத்தாள். ஒன்றில் எனக்கு வைத்தாள். ஒன்றில் அக்காவுக்கு. மூன்றாவதை, வாணலியில் மிச்சம் இருந்ததை மூடுவதற்காகக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். "அட, நல்லாத்தான் கீது மாமா," என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். சாப்பிட்டு முடித்தாள்.

கிளம்பும்போது அவள் தெருமுனை வரை வந்தாள். அந்த வீட்டுக்குத் திரும்ப வரப்போவதில்லை என்று சொன்னாள். கோபத்தில் சொல்லவில்லை, யோசித்துத்தான் சொல்கிறேன் என்றாள். இங்கே வேலை பிடித்திருக்கிறது. ஒருவர் பெண் கேட்டு வந்திருக்கிறார், இன்னும் பதில் சொல்லவில்லை என்றாள். நான் நல்லது என்றேன். மனதாரச் சொன்னேன். அவளைப் பார்க்க வரலாமா என்று கேட்டேன்.

"வாங்க மாமா. சும்மா வாங்க. எதையும் செஞ்சு தூக்கிக்கினு வராதீங்க."

அதற்குப் பிறகும் போய்க்கொண்டிருக்கிறேன். பழம் வாங்கிக்கொண்டு போகிறேன். ஒரு முறையும் என்னைச் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். இலை போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, குழம்பு போதுமா என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிறாள். போன வாரம் போயிருந்தேன். கத்தரிக்காய் குழம்பு. இரண்டாவது முறை சாதம் போட வந்தபோது, நீயும் ஒரு தட்டு போட்டு உட்காரேன்மா என்றேன்.

"எனக்குப் பசிக்கல மாமா. நீங்க துன்னுங்க."

நான் சாப்பிட்டேன்.